ஈஸ்ட்டா, பாக்டீரியா பொடியா, மோரா, லிவர் டானிக்கா? சேலத்துக் கட்டுத்தரைக்கு எது பொருந்தும்

"மாடு சரியாகத் தின்னவில்லை, பாலில் கொழுப்பும் இறங்கிவிட்டது. மருந்துக் கடையில் ஈஸ்ட் பொடி, புரோபயாடிக் போலஸ் (உயிருள்ள நல்ல கிருமிகள் அடங்கிய பெரிய மாத்திரை), லிவர் டானிக் மூன்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். மூன்றும் வேண்டுமா?" ஆத்தூர், தலைவாசல், ஓமலூர்ப் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் ஒன்று போதும். சில சமயம் ஒன்றுமே வேண்டாம், தீவனத்தொட்டியை மாற்றினால் போதும். வேறு சில சமயம் இந்த மூன்றுமே உதவாது, டாக்டர்தான் வரவேண்டும்.

## முதலில் எதை வைத்து முடிவு செய்வது

கோளாறு எங்கே இருக்கிறது? வளர்ந்த மாட்டின் பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் ஒரு நொதிக்கலம். இரண்டு வாரக் கன்றுக்கு அந்தப் பெருவயிறு இன்னும் வேலையே தொடங்கவில்லை. குடித்த பால் நேராக நான்காம் வயிற்றுக்குப் போய்விடும். ஆகவே மாட்டுக்குச் சரியான பொருள் கன்றுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை.

உயிரோடு போய்ச் சேருமா? உயிருள்ள நுண்ணுயிருக்குத்தான் காசு கொடுக்கிறோம். கொதிக்கும் கஞ்சியில் கலந்தால் அது அங்கேயே செத்துவிடும்.

தினமும் கொடுக்க முடியுமா? கடையில் வாங்கும் எந்தப் புரோபயாடிக்கும் வயிற்றில் நிரந்தரமாகக் குடியேறாது. நிறுத்தினால் ஓரிரு நாளில் வெளியேறிவிடும். வாரம் ஒருமுறை நினைவு வந்தபோது கொடுப்பது வீண்.

மற்ற மருந்தோடு மோதுமா? ஆன்டிபயாடிக் ஓடும்போது பாக்டீரியா வகைகள் அதிலேயே அடிபடும். ஈஸ்ட் பூஞ்சை இனம் என்பதால் அதற்கு அந்தச் சேதம் இல்லை. மடிவீக்கத்துக்கு ஊசி ஓடும் மாட்டுக்கு இந்த ஒரு வேறுபாடே முடிவைச் சொல்லிவிடும்.

ஒரு நாள் செலவைப் பால் திருப்பித் தருமா? பொட்டலத்தின் விலையைப் பார்க்காமல், ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். நாளுக்கு 10 ரூபாய், பால் லிட்டர் 35 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கூடுதலாக 300 மில்லி கறந்தாலோ அதற்கு ஈடாகக் கொழுப்பு ஏறினாலோதான் முதல் திரும்பும். ஆறு லிட்டர் கறக்கும் மாட்டில் அது கடினம். பதினைந்து லிட்டர் மாட்டில் நடக்கக்கூடியது.

## குடலுக்கும் கல்லீரலுக்கும் என்ன தொடர்பு

வயிற்றிலும் குடலிலும் உறிஞ்சப்படுவதில் பெரும்பகுதி போர்ட்டல் சிரை வழியாக முதலில் கல்லீரலுக்குத்தான் போகிறது. மாவுச்சத்து மிகுந்த தீவனம் ஒரே வேளையில் உள்ளே போனால் பெருவயிற்றில் லாக்டிக் அமிலம் குவியும். 6 முதல் 7 வரை இருக்க வேண்டிய கார அமில நிலை 5.5-க்கும் கீழே இறங்கும். உள்சுவர் புண்ணாகி, அந்தப் புண் வழியே ஃபியூசோபாக்டீரியம் போன்ற கிருமிகள் ரத்தத்தில் ஏறிக் கல்லீரலில் சீழ்க்கட்டியாக உட்காரும். பெருவயிற்றை அமிலத்திலிருந்து காப்பது கல்லீரலையும் காப்பது என்று சொல்வதற்கு இதுதான் அடிப்படை.

ஆனால் கல்லீரல் கெடுவதற்கு இது ஒரு வழி மட்டும்தான். பூஞ்சை பிடித்த புண்ணாக்கின் நஞ்சு, உண்ணிச்செடி, தட்டைப்புழு, கன்று ஈன்றதும் உடல் கொழுப்பு கரைந்து கல்லீரலில் படிவது என்று இன்னும் நான்கு வழிகள் இருக்கின்றன. அந்த நான்கில் எதையும் புரோபயாடிக் பொடி தடுத்து நிறுத்தாது. டப்பாவில் கல்லீரல் படம் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறும் இடம் இதுதான்.

சேலத்துக்கென்று ஒரு தனிக் கணக்கும் உண்டு: மரவள்ளித் திப்பி. ஜவ்வரிசி ஆலைகளில் மாவு பிழிந்தெடுத்த பின் மிஞ்சுகிற சக்கை என்றாலும் அதில் மாவுச்சத்து நிறையவே தங்கியிருக்கும். புரதமோ மிகச் சொற்பம். விலை மலிவு என்று திப்பியை அள்ளிப் போட்டு வைக்கோலைக் குறைத்த கட்டுத்தரையில்தான் கொழுப்புச் சரிவும், நுரைத்த சாணியும், குளம்பு நோவும் சேர்ந்து வருகின்றன. மீந்த கல்யாணச் சோறும் கழனித் தொட்டியில் கொட்டும் கஞ்சியும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

## உயிருள்ள ஈஸ்ட்

கறவை மாட்டுக்கு நால்வகையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் என் தேர்வு இதுதான். தீவனத்தோடு பெருவயிற்றுக்குள் போகும் ஆக்சிஜனை ஈஸ்ட் உறிஞ்சிக்கொள்கிறது. அங்கே நார் செரிக்கும் பாக்டீரியாக்களுக்கு ஆக்சிஜன் ஆகாது. லாக்டிக் அமிலத்தைத் தின்று தீர்க்கும் பாக்டீரியாக்களையும் ஈஸ்ட் ஊக்குவிக்கிறது. ஆகவே திப்பி, மக்காச்சோள மாவு, அடர்தீவனம் அதிகம் தின்னும் மாட்டுக்கு இது பொருந்தும்.

அளவு: கறவை மாட்டுக்கு நாளுக்கு 1,000 முதல் 2,000 கோடி உயிரணுக்கள். ஆட்டுக்கு 100 முதல் 400 கோடி. லேபிளில் 10-க்கு மேலே சிறியதாக ஓர் எண் இருக்கும். அது 9 என்றால் நூறு கோடி, 10 என்றால் ஆயிரம் கோடி, 12 என்றால் ஒரு லட்சம் கோடி.

இனி அந்த எண்ணுக்குப் பக்கத்தில் "கிராமுக்கு" என்று இருக்கிறதா, "கிலோவுக்கு" என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆயிரம் மடங்கு வித்தியாசம் அங்கே ஒளிந்திருக்கிறது. ஒரு பொட்டலத்தில் கிராமுக்கு 15 கோடி, நாளுக்கு 10 கிராம் போடவும் என்று அச்சிட்டிருந்தால், மாட்டுக்குக் கிடைப்பது 150 கோடிதான். குறைந்தபட்சத் தேவையில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொன்றில் கிலோவுக்கு 5 லட்சம் கோடி என்றிருந்தால் கிராமுக்கு 500 கோடி ஆகிறது. 2 கிராமே போதும். முதல் பொட்டலம் பாதி விலைக்குக் கிடைத்தாலும் அதுதான் விலை அதிகம்.

"ஈஸ்ட் கல்ச்சர்" என்று எழுதியிருப்பது வேறு பொருள். ஈஸ்ட்டை வளர்த்து, அது வளர்ந்த ஊடகத்தோடு சேர்த்து உலர்த்தியது. அதில் உயிருள்ள அணு குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். அதற்கும் பயன் உண்டு, ஆனால் உயிரணுக் கணக்கை அதில் தேடக்கூடாது. "ஈஸ்ட் செல் சுவர்" என்பது மூன்றாவது வகை. சில பூஞ்சை நஞ்சுகளைப் பிடிக்கப் பயன்படுவது அது. ஆனால் அமிலக் கோளாறுக்கு அதை வாங்குவதில் பொருளில்லை.

பேக்கரி ஈஸ்ட் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. இனம் ஒன்றுதான், ரகம் வேறு. மாட்டில் சோதித்துப் பார்த்த பலன்கள் எல்லாம் தேர்ந்தெடுத்த ரகங்களுக்கு உரியவை. அதே பலன் பேக்கரிப் பொட்டலத்திலும் வரும் என்று சொல்ல முடியாது.

உயிர் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கை பொறுக்கும் வெதுவெதுப்பில் 100 மில்லி தண்ணீர், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, 5 கிராம் பொடி. அடர்த்தியான உயிர் ஈஸ்ட் என்றால் அரை மணி நேரத்துக்குள் நுரை பொங்கி, ரொட்டிக்கடை வாசனை வரும். தவிட்டில் கலந்து எண்ணிக்கை குறைந்த பொருளில் நுரை கொஞ்சமாகத்தான் வரும். ஒரு குமிழிகூட எழவில்லை என்றால் பொட்டலம் செத்துவிட்டது.

கண்ணில் படாத செலவு வெயிலில் இருக்கிறது. சித்திரை, வைகாசியில் தகரக்கூரைக்குக் கீழே வைத்த ஈஸ்ட் மாதக்கணக்கில் தாங்காது. வீட்டுக்குள் நிழலில், வாய் இறுக மூடி வையுங்கள். வாங்கும்போது கடைக்காரர் எங்கே வைத்திருந்தார் என்றும் பாருங்கள். பொடியை நேராக மூட்டையில் கொட்டினால் ஒரு மாட்டுக்கு எல்லாமும் இன்னொன்றுக்கு ஒன்றுமில்லாமலும் போகும். முதலில் இருநூறு கிராம் உலர்ந்த தவிட்டில் கலந்து, பிறகு அந்தந்த வேளைத் தீவனத்தின் மேல் தூவுங்கள். தாது உப்போடு முன்கூட்டியே கலந்து நாள்கணக்கில் வைக்க வேண்டாம்.

நார் இல்லாத இடத்தில் ஈஸ்ட் தோற்கும். அசைபோடும் மாடு நாளுக்கு நூறு லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கிறது. அந்த உமிழ்நீரில் இருக்கும் சோடாதான் அமிலத்துக்கு முதல் காப்பு. வைக்கோலோ சோளத்தட்டோ 4, 5 கிலோ கொடுக்காமல், ஒரே வேளையில் 3 கிலோவுக்கு மேல் அடர்தீவனம் கொட்டிவிட்டு ஈஸ்ட் தூவுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பதுதான்.

ஈஸ்ட் வாங்க வசதி இல்லையென்றால், 100 கிலோ அடர்தீவனத்துக்கு 1 கிலோ சமையல் சோடா கலந்துகொள்ளுங்கள். புரோபயாடிக் இல்லைதான், ஆனால் சிறிய கட்டுத்தரைக்கு அதுவே பல சமயம் போதும்.

## பாக்டீரியா பொடியும் போலஸும்

இதில் இரண்டு குடும்பம். லாக்டோபேசிலஸ், என்டரோகாக்கஸ் போன்றவை சூட்டுக்கு மென்மையானவை. பேசிலஸ் வகைகள் விதைபோன்ற வித்து நிலையில் வருவதால் வெயிலையும் குச்சித் தீவன ஆலையின் சூட்டையும் ஓரளவு தாங்கும். சேலத்துக் கோடையில் குளிர்சாதன வசதி இல்லாமல் வைக்க வேண்டுமென்றால் பேசிலஸ் உள்ளது நல்லது.

இவற்றுக்கு மிகப் பொருத்தமான இடம் பால் குடிக்கும் கன்றும் குட்டியும். முதல் மூன்று, நான்கு வாரம் வெதுவெதுப்பான பாலில் தினமும் கலந்து கொடுத்தால் குடலில் நல்ல கிருமிகள் முந்தி இடம் பிடிக்க உதவும். இதற்கு முன்னால் சீம்பால். 25 கிலோ கன்றுக்கு 2.5 லிட்டர், அதில் பாதி ஈன்ற இரண்டு மணி நேரத்துக்குள். சீம்பால் தவறிய கன்றை எந்தப் பொடியும் ஈடுகட்டாது. கழிச்சலில் கண் குழி விழுந்த கன்றுக்கு உப்புக்கரைசலும் டாக்டரும்தான் உயிர். பொடியைக் காட்டி ஒரு நாள் தள்ளிப்போடுவது ஒரு கன்றை இழப்பதற்குச் சமம்.

சேலம் கருப்பு ஆட்டுக் குட்டியோ மேச்சேரிக் குட்டியோ, ஒரு மாத வயதுக்கு மேல் ரத்தம் கலந்து கழிந்தால் அது ரத்தக் கழிச்சல் எனப்படும் காக்சிடியா நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். அதற்குத் தனி மருந்து உண்டு. துள்ளுமாரி எனப்படும் குடல் நச்சு நோய்க்கு மழைக்கு முன் தடுப்பூசி. இரண்டுக்கும் புரோபயாடிக் மாற்றில்லை.

மேய்ச்சலிலேயே வயிறு நிரப்பும் மேச்சேரிச் செம்மறிப் பட்டிக்கு தினமும் பொடி வாங்குவது தேவையற்ற செலவு. கொட்டிலில் அடைத்து, தானியம் கொடுத்துக் கறிக்கு வளர்க்கும் கிடாக்களுக்கு மட்டும், தீவனம் மாற்றும் முதல் இரண்டு மூன்று வாரம் ஈஸ்ட் கொடுப்பது நியாயமான செலவு.

## மோரும் தயிரும்

மோரில் உயிரணு எண்ணிக்கை குறைவில்லை. ஆனால் அவை பெருவயிற்றின் குடிகள் அல்ல, லாக்டிக் அமிலத்தை உண்டாக்குபவை. அமிலக் கோளாறில் கிடக்கும் மாட்டுக்கு மோர் ஊற்றுவதில் நன்மை இல்லை. கன்றுக்கு அன்றன்று உறைந்த தயிர் 50 முதல் 100 மில்லி பாலில் கலந்து கொடுக்கலாம், செலவும் இல்லை. ஊசி போட்ட மாட்டின் பாலில் உறைய வைக்காதீர்கள். அதில் மிஞ்சிய ஆன்டிபயாடிக் உறைமோரின் கிருமியையே கொன்றுவிடும்.

## இன்னொரு மாட்டின் இரைப்பைச் சாறு

கடையில் விற்காத இதுதான் புரோபயாடிக்கிலேயே வலுவானது. நலமான மாட்டின் பெருவயிற்றுச் சாற்றில் பாக்டீரியாவோடு புரோட்டோசோவா, பூஞ்சை என்று முழுக் குடித்தனமும் இருக்கிறது. நான்கு நாள் தீனி எடுக்காமல் கிடந்த மாடு, அமில நோய்க்கு வைத்தியம் முடிந்தும் அசைபோடாத மாடு, நீண்ட ஆன்டிபயாடிக் முடித்த மாடு ஆகியவற்றுக்குப் பொடியைவிட இது மேல்.

இறைச்சிக் கூடத்தில், அப்போதுதான் வெட்டிய, பரிசோதனையில் நோயில்லை என்று உறுதியான மாட்டிலிருந்து எடுக்க வேண்டும். இரையை இரட்டைத் துணியில் பிழிந்து, காற்று தங்காமல் கழுத்துவரை பிளாஸ்கில் நிரப்பி, சூடு ஆறும் முன் ஓரிரு மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். மாட்டுக்கு 8 முதல் 16 லிட்டர், குறைந்தது 3 லிட்டர். ஆட்டுக்கு அரை முதல் ஒரு லிட்டர். டாக்டர் குழாய் வழியாக இறக்குவதுதான் முறை. மூங்கில் கொட்டத்தில் ஊற்றினால் புரையேறி நுரையீரலில் இறங்கும். மறைவான விலை நோய்தான்: தீராத கழிச்சலில் மாட்டை உருக்கும் ஜோன்ஸ் நோய் போன்றவை சாற்றோடு சேர்ந்து வந்துவிடலாம்.

கல்யாணச் சோறோ மாவோ தின்று சில மணி நேரத்தில் சரிந்து கிடக்கும் மாட்டுக்கு இதுவும் உடனே கூடாது. முதலில் அமிலத்தை முறிக்க வேண்டும். கால்நடை அவசர உதவி எண் 1962-ஐ அழைத்துவிட்டு, தண்ணீர் குடிப்பதை டாக்டர் வரும்வரை அவர் சொல்லும் அளவுக்கு மட்டும் விடுங்கள்.

## ஏற்காட்டுப் பக்கம்: உண்ணிச்செடி

சேர்வராயன் மலையில் காப்பித் தோட்ட ஓரமும் தரிசும் உண்ணிச்செடி அப்பிக் கிடக்கிறது. பசுமை வற்றிய மாதங்களில், அல்லது புதிதாக மலைக்கு ஓட்டிவந்த மாடு பழக்கமில்லாமல் அதைத் தின்னும். அதன் நஞ்சு கல்லீரலின் பித்தக் குழல்களை அடைக்கிறது. கல்லீரல் அடிபட்டதும் பெருவயிற்றின் அசைவு நின்றுபோகிறது. அசைவு நின்றதால் தின்ற இலை உள்ளேயே தேங்கி, நாள்கணக்கில் நஞ்சை விட்டுக்கொண்டே இருக்கிறது. வெளியேறாத பித்தத்தோடு, பச்சை இலையிலிருந்து பிறக்கும் ஒரு பொருளும் ரத்தத்தில் ஏறுவதால் வெயில் பட்ட தோல் வெந்துபோகிறது. மூக்கு சிவந்து, கலப்பின மாட்டின் வெள்ளைத் திட்டுகள் மட்டும் வெடித்து உரியும். சாணி இறுகும். கண்ணின் வெள்ளை மஞ்சளாகும். கருப்பு ஆட்டில் தோல் காட்டிக்கொடுக்காது. கீழ் இமையை இழுத்துப் பார்க்க வேண்டும்.

இதற்கு லிவர் டானிக் பாட்டில் வாங்கிவந்து ஊற்றிக்கொண்டிருந்தால், வயிற்றில் இருக்கும் நஞ்சு அங்கேயே இருக்கும். மாட்டை இருண்ட நிழலில் கட்டி, அன்றே டாக்டரை வரவழையுங்கள். ஆக்டிவேட்டட் சார்க்கோல் கிலோ எடைக்கு 5 கிராம், அதாவது 400 கிலோ மாட்டுக்கு 2 கிலோ, உப்புக்கரைசலில் கரைத்துக் குழாய் வழியாக இறக்குவது நிரூபணமான வைத்தியம். அடுப்புக் கரி அதற்கு ஈடாகாது. நஞ்சு கட்டுப்பட்ட பிறகு, நின்ற வயிற்றை எழுப்ப இரைப்பைச் சாறு அருமையாக உதவும்.

## லிவர் டானிக்

எந்தக் காரணம் என்று தெரியாமல் வாங்கும் டானிக்கில் காசு கரையும். பல பாட்டில்களில் கோலின் என்ற சத்து இருக்கும். பாதுகாப்புப் பூச்சு இல்லாத கோலினைப் பெருவயிற்றுக் கிருமிகளே பெரும்பாலும் சிதைத்துவிடும், கல்லீரலுக்குப் போய்ச் சேராது. கன்று ஈனும் முன்னும் பின்னும் மூன்று வாரம் கல்லீரலில் கொழுப்பு படிவதைக் குறைக்க, பூச்சு போட்ட கோலின் பலன் தரும். அதிகம் கறக்கும், சினையில் கொழுத்த மாடுகளுக்கு அது பொருத்தம். ஈன்ற பின் அடர்தீவனம் ஒதுக்கி, வாயில் பழவாடை வந்தால் அது உடல் கொழுப்பு அளவுமீறிக் கரைவதால் வரும் கீட்டோசிஸ். டாக்டர் சொல்லும்படி புரோப்பிலீன் கிளைக்கால் நாளுக்கு 300 மில்லி, மூன்று முதல் ஐந்து நாள்.

கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் அரைத்துக் கொடுப்பது நம் வழக்கம். எலிகளில் செய்த சோதனைகளில் இவை கல்லீரலைக் காக்கும் தன்மை காட்டியிருக்கின்றன. துணையாகக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் தாடைக்குக் கீழே வீங்கி, ஏரிக்கரையில் மேயும் மாடு மெலிந்தால் அது தட்டைப்புழுவாக இருக்கலாம். வழக்கமாகக் கொடுக்கும் குடற்புழு மருந்தான ஃபென்பெண்டசோல் அதைக் கொல்லாது. சாணியைப் பரிசோதித்து, டாக்டரிடம் அதற்குரிய மருந்தைக் கேளுங்கள். அந்த மருந்துக்குப் பின் எத்தனை நாள் பால் ஊற்றக்கூடாது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலைப் புண்ணாக்கையும் பார்க்க வேண்டும். 2018-இல் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு முழுக்க எடுத்த பால் ஆய்வில், அஃப்ளடாக்சின் எம்1 வரம்பு மீறிய மாதிரிகள் அதிகம் வந்தது தமிழ்நாட்டிலிருந்து: 551-இல் 88. மாடு தின்ற பூஞ்சை நஞ்சு முதலில் அதன் கல்லீரலைத் தாக்கி, பிறகு நம் பிள்ளைகள் குடிக்கும் பாலுக்கே வருகிறது. மூட்டையைத் தரையிலும் சுவரிலும் படாமல் மரச்சட்டத்தில் அடுக்குங்கள். மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் மூட்டை நனைந்திருந்தால் திருப்பி அனுப்புங்கள். பச்சையோ கருப்போ பூத்த கட்டியை உடைத்து வெயிலில் காயவைத்தாலும் நஞ்சு போகாது. எறிந்துவிட வேண்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்க்க

| | எப்போது மேல் | எப்போது வீண் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| உயிர் ஈஸ்ட் | திப்பி, மாவு அதிகம் தின்னும் கறவை மாடு. ஆன்டிபயாடிக் ஓடும்போதும் | வைக்கோல் குறைவான கட்டுத்தரை | சூட்டில் சாகும். தினமும் வேண்டும் |
| பாக்டீரியா | பால் குடிக்கும் கன்று, குட்டி | ஆன்டிபயாடிக் ஓடும்போது | வைத்தியம் தள்ளிப்போகும் ஆபத்து |
| தயிர் | கன்று | அமில நோய் வந்த மாடு | இல்லை |
| இரைப்பைச் சாறு | அசை நின்ற மாடு, உண்ணிச்செடி நஞ்சுக்குப் பின் | நலமான மாடு | நோய் பரவல், டாக்டர் கூலி |
| லிவர் டானிக் | பூச்சுக் கோலின்: ஈனும் காலம் | புழு, நஞ்சு இருக்கும்போது | உண்மைக் காரணம் மறைந்துபோகும் |

## வாங்கியதைச் சோதிப்பது

ஈஸ்ட் தன் வேலையைக் காட்ட இரண்டு மூன்று வாரம் ஆகும். தொடங்கும் முன் ஒரு வாரம், தொடங்கிய பின் 21 நாள், சுவரில் மூன்று விஷயங்களை எழுதுங்கள். அந்த நாட்களில் தீவனத்தில் வேறு எதையும் மாற்றாதீர்கள்.

ஒன்று, சொசைட்டிச் சீட்டில் வரும் கொழுப்பும், எஸ்.என்.எஃப் எனப்படும் கொழுப்பு நீங்கிய திடப்பொருளும். இரண்டு, படுத்து ஓய்வில் இருக்கும்போது அசைபோடும் ஒரு கவளத்துக்கு எத்தனை மெல்லல்: 50, 60 இருந்தால் நலம், 40-க்குக் கீழே என்றால் நார் போதவில்லை. மூன்று, சாணி. இரு கை அளவு சாணியைப் பழைய மாவுச் சல்லடையில் போட்டு, தண்ணீர் தெளியும்வரை கழுவுங்கள். சல்லடையில் மிஞ்சும் நார் விரல் நகத்தைவிட நீளமாகவும், மக்காச்சோளம் உடையாமலும், சவ்வு போன்ற சளி ஒட்டியும் இருந்தால் பெருவயிறு வேலையை முடிக்காமலேயே தீனியைக் கீழே தள்ளுகிறது. 21-ஆம் நாள் அதே சல்லடையில் நார் பொடியாகி, சவ்வு காணாமல் போயிருந்தால் ஈஸ்ட்டைத் தொடருங்கள். மாறவில்லை என்றால் நிறுத்திவிட்டு, அந்தப் பணத்துக்குச் சோளத்தட்டு வாங்கி, திப்பியை ஒரு கிலோ குறைத்து, மறுபடி கழுவிப் பாருங்கள்.